நாலு ரோடு தாண்டிப் போன முந்தானை

மேட்டுச்சந்தை நாலு ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் ஒருதரம் தலையைத் தூக்கிப் பார்க்கணும். ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முட்டை லாரி உயரத்துக்கும் மேலே மூங்கில் கம்பங்கள் நிற்கும், உச்சியில் கவட்டை வைத்துக் கட்டியிருக்கும், கொடியும் இருக்காது விளக்கும் இருக்காது. வெளியூர்க்காரர்கள் ஏதோ கட்சிக்காரன் நட்டுவிட்டுப் பிடுங்க மறந்தது என்று நினைத்துக்கொண்டு போவார்கள். போகட்டும், அவர்களை நிறுத்தி வைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது. உள்ளூரில் யாரைக் கேட்டாலும், டீ ஆற்றுகிறவனாகட்டும் பஞ்சர் ஒட்டுகிறவனாகட்டும், "அதுங்களா, வசந்தாமணி முந்தானை போன கம்பமுங்க" என்பான், ஏதோ கரண்டு கம்பி போன கம்பம் என்கிற மாதிரி, சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான்.

வசந்தாமணி, வடக்கே முட்டை லோடு ஓட்டுகிற டிரைவர் செங்கோட்டுவேலுக்கு வாக்கப்பட்டவள். அவன் போனால் வாரக்கணக்கில் போவான், வந்தால் இரண்டு நாள் அடித்துப்போட்டாற்போலத் தூங்குவான், எழுந்து மறுபடியும் போவான். ஆக அந்த வீட்டில் வருஷம் முழுக்க இருந்தது இரண்டே பேர், வசந்தாமணியும் அவள் மகள் மௌனிகாவும். பேர்தான் மௌனிகா. அம்மா கண்ணுக்கு மறைந்தால் அது போடுகிற கூப்பாடு தெருக்கோடி வரைக்கும் கேட்கும். தவழ்கிற வயசில் அம்மாவின் முந்தானையைப் பிடித்தவள் நடக்கிற வயசில் விடவில்லை, பால்வாடியில் விடவில்லை, அம்மா குளிக்கப் போனால் கதவுக்கு அடியில் முந்தானை நுனியை வெளியே விட்டுவைக்கணும், அதைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பாள். சின்னப் பிள்ளை, போகப்போகச் சரியாகும் என்றார்கள். போகப்போக அவள் வளர்ந்தாள், வயசுக்கு வந்தாள், அம்மாவைவிட ஒரு கை உயரமாகக்கூட ஆனாள், ஒன்பதாவது வகுப்புக்கும் போனாள், முந்தானையை மட்டும் விடவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற நாளெல்லாம் காலையில் வயிற்றுவலி, திங்கட்கிழமை என்றால் காய்ச்சலே வந்துவிடும், லீவு விட்டால் தானாக இறங்கிவிடும். அம்மா கடைக்குப் போய்க் கால்மணி நேரம் தாமதித்தால் லாரி அடித்துவிட்டது, பாம்பு கடித்துவிட்டது, கிணற்றில் விழுந்துவிட்டாள் என்று வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் படம் ஓடும். டாக்டர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். மாரியம்மன் கோயில் பூசாரி மந்திரித்துக் கயிறு கட்டினார். பள்ளிக்கூடத்துக்கு வந்துபோகிற மனநல ஆலோசகர் அம்மாள் மட்டும் பொறுமையாக உட்கார்ந்து கேட்டுவிட்டு, இந்த வயசில் சில பிள்ளைகளுக்குப் பிரிகிறதென்றால் இப்படிப் பதற்றம் வரும், திட்டாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பழக்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தெருக்காரர்களுக்கு அதெல்லாம் வேண்டியதில்லை. "ஆளு பனமரமாட்ட வளந்தாச்சு, இன்னும் ஆத்தா முந்தானையப் புடிச்சுக்கிட்டுத் திரியுது" என்று வாய்க்கு வந்ததைப் பேசினார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் ஊருக்கு வெளியே கரட்டு மலையடியில் இருக்கிற பெரிய ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வந்து, வசந்தாமணி வேலைக்குப் போவது என்று முடிவானது. காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துவிடலாம். எந்தெந்த ஊரிலிருந்தோ கொண்டுவந்து விட்ட பிள்ளைகள், எழுப்பணும், தலை வாரணும், சாப்பிட வைக்கணும், அழுதால் தேற்றணும். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு சட்டம் உண்டு: ஹாஸ்டலில் வேலை பார்க்கிற பெண்களை, பெருக்குகிறவரானாலும் சரி, பிள்ளைகள் "அம்மா" என்றுதான் கூப்பிடணும். அம்மா என்று கூப்பிட ஊரில் ஒருத்திக்குத்தானே பாத்தியம், அதை எப்படி முந்நூறு பேருக்குச் சட்டம் போட்டுக் கொடுப்பார்கள் என்று மௌனிகாவுக்குப் புரியவில்லை.

முதல் திங்கட்கிழமை வந்தது. வசந்தாமணி ஹாஸ்டல்காரர்கள் கொடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே மௌனிகா, கையில் முந்தானை நுனி.

"உடு கண்ணு, பஸ்ஸு போயிரும்" என்றாள் வசந்தாமணி.

"நான் எங்க புடிச்சேன், நீ போ" என்றாள் மௌனிகா, பிடியை இறுக்கிக்கொண்டே.

இரண்டு பேரும் சண்டை போடவில்லை. வசந்தாமணி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் படி இறங்கினாள், சேலை கூடவே வந்தது. தெருவில் நடந்தாள், சேலை வந்தது. முக்குத் திரும்பினாள், அப்போதும் வந்தது. வாசலில் மௌனிகா நின்றது நின்றபடி நிற்க, அவள் கையிலிருந்து பச்சைச் சேலை தெருவோடு போய், குழாயடி தாண்டி, ரேஷன் கடை தாண்டி, நாலு ரோட்டில் நின்ற டவுன் பஸ்ஸின் ஜன்னலுக்குள் போயிற்று. வசந்தாமணிக்கு இடது தோள் கொஞ்சம் கனமாகத் தெரிந்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை. கண்டக்டர்தான் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, இதற்கு லக்கேஜ் டிக்கெட் போடணுமா என்று யோசித்து, உடம்பில் கட்டியிருக்கிற துணிக்கு எந்த ஊரிலும் லக்கேஜ் கிடையாது என்று தீர்மானித்து விசில் கொடுத்தார். சாயங்காலம் அவள் திரும்பி வர வர அது தானாகச் சுருங்கி, வாசலுக்கு வந்தபோது எல்லாச் சேலையையும்போல அஞ்சரை மீட்டராக இருந்தது. அலசிக் கொடியில் போட்டாள்.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்கிறீர்களா? முதல் நாள் வேடிக்கை பார்த்தது, இரண்டாம் நாள் நொட்டை சொன்னது, மூன்றாம் நாள் வேலையைப் பார்த்தது. நாலு ரோட்டில்தான் சிக்கல். குறுக்கே பெண்பிள்ளை முந்தானை கிடந்தால் அதன்மேல் சக்கரத்தை ஏற்ற எந்த டிரைவருக்கு மனசு வரும்? லாரிகள் வரிசையாக நின்றுபோய், முட்டையெல்லாம் வெயிலில் வெந்துவிடும் என்று பண்ணைக்காரர்கள் கத்தி, கடைசியில் லாரி பட்டறை ஆட்கள் மூங்கில் நட்டு, கவட்டை வைத்து, அவள் பஸ் ஏறிய கையோடு நீளக் கம்பால் முந்தானையைத் தூக்கி மேலே போட்டார்கள். அதிலிருந்து அது பட்டறைப் பையனின் காலை வேலையாயிற்று. தெருப் பெண்கள் தூளியை அதன் நிழல் விழுகிற பக்கம் நகர்த்திக் கட்டினார்கள். ஆடு கடிக்காமல் பார்க்க ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். பங்குனிப் பண்டிகையில் மாரியம்மன் ஊர்வலம் வந்தபோது, சாமி போய் ஒரு மனுஷி முந்தானைக்கு அடியில் போவதா என்று நாலு பேர் துள்ளினார்கள். பூசாரிதான், அவளும் ஒரு தாய், இவளும் ஒரு தாய், குனிந்து போனால் யாருக்கு என்ன குறை என்று சொல்லித் தேரை நகர்த்தினார். ஆலோசகர் அம்மாள் விட்டுப் பழக்கச் சொன்னாரே, என்னாயிற்று என்று யாரோ கேட்டதற்கு, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத்தான் இன்றைக்குக் கரடு வரைக்கும் போயிருக்கிறது என்று டீக்கடைக்காரர் சொன்னார்.

பள்ளிக்கூடத்திலும் ஒத்துக்கொண்டார்கள். மௌனிகா இடது கையில் நுனியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் எழுதுவாள், சாப்பிடும்போது தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். அரைப் பரீட்சையில் பறக்கும் படை வந்து, இவள் முந்தானையில் பிட் எழுதியிருக்கிறாளோ என்று சந்தேகப்பட்டு, அதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வகுப்பைத் தாண்டி, மைதானத்தைத் தாண்டி, நாலு ரோடு வரைக்கும் போய், வெயில் தாங்காமல் மோர் குடித்துவிட்டு, ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திரும்பியது. வயிற்றுவலி நின்றது. திங்கட்கிழமைக் காய்ச்சல் நின்றது. தன் கதை இத்தோடு சுபமாக முடிந்தது என்று மௌனிகா நினைத்தாள்.

எங்கே முடிந்தது? பிடித்திருக்கிற கைக்கு எல்லாம் தெரியுமே. முந்தானை லேசாக ஏறி இறங்கினால் அம்மா மாடிப்படி ஏறுகிறாள், சீராக ஆடினால் சாம்பார் ஊற்றிக்கொண்டே பந்தியில் போகிறாள், தொய்ந்தால் உட்கார்ந்து தலை வாருகிறாள். ஆரம்பத்தில் அது அத்தனை சுகமாக இருந்தது, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிற மாதிரி. அப்புறம் வேறு கைகள் வந்தன. எவளோ வாய் துடைக்கிறாள். எவளோ நடந்து போகிறபோது சும்மா இழுத்துப் பார்க்கிறாள். ஒருநாள் பதினோரு மணி வகுப்பில் மௌனிகாவின் உள்ளங்கை ஈரமாயிற்று, முகர்ந்து பார்த்தால் கண்ணீர், அவள் கண்ணீர் இல்லை. எவளோ ஒருத்தி அங்கே அம்மா முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதிருக்கிறாள், அது நூலோடு நூலாக ஊறி நாலு ரோடு தாண்டி இங்கே வந்திருக்கிறது. பாவம் என்று வேறொரு பெண்ணாக இருந்தால் நினைத்திருக்கும். மௌனிகாவுக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு நோட்டில் எழுத்து தெரியவில்லை, டீச்சர் பேசியது காதில் விழவில்லை, என் அம்மா, என் அம்மா, என் அம்மா என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது.

அதற்கப்புறம் அவள் இழுக்க ஆரம்பித்தாள். வேறு கை பட்டால் இங்கேயிருந்து ஒரு வெடுக்கு. அங்கே அம்மா கையிலிருந்து சாம்பார் சிந்தும், சீப்பு விழும். சாயங்காலம் வசந்தாமணி ஒன்றும் கேட்கமாட்டாள், இடது தோளைச் சாய்த்துக்கொண்டு மெல்லப் படியேறி வருவாள், அவள் நடையே அப்படி ஆகிவிட்டது. வந்ததும் மௌனிகா மோந்து பார்ப்பாள். யார் யாரோ தலையின் தேங்காய் எண்ணெய் வாசம் அடிக்கும். அங்கே நாற்பது தலைக்கு இரட்டைச் சடை போட்டுவிட்டு வருகிற கை, வீட்டில் மகளுக்கு ஒற்றைச் சடையை அவசரமாக முறுக்கிவிடும்.

இந்தக் கைகளெல்லாம் போகட்டும், ஒரு கைதான் அவளைத் தூங்கவிடாமல் அடித்தது. சின்னக் கை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வரும், எப்போதும் ஒரே இடத்தில் பிடிக்கும், இழுக்காது, துடைக்காது, சும்மா பிடித்துக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் கனக்கும், பிடித்தபடியே தூங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது அம்மா அசையமாட்டாள். மௌனிகா இங்கே எவ்வளவு வெடுக்கினாலும் அம்மா எழுந்திருக்கமாட்டாள். யாரது என்று சாயங்காலம் சாடையாகக் கேட்டால், யாரைச் சொல்கிறாய், அங்கே எத்தனையோ பிள்ளைகள் என்று மழுப்பினாள். ஆனால் ஒருநாள் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு, திரும்பிப் பார்க்காமல், "ஜெனோ, அந்தத் தட்டை எடு சாமி" என்றாள். சொன்னது தப்பு என்று அவளுக்கே தெரியவில்லை. தட்டை எடுத்துக்கொடுத்தவள்தான் தோசையைத் தொடாமல் எழுந்துபோனாள்.

ஹாஸ்டலில் மாசத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை பெற்றவர்கள் வருகிற நாள். வேன் பிடித்தும் பஸ் பிடித்தும் விடியற்காலையிலேயே வந்து, வேப்பமரங்களுக்கு அடியில் போர்வையை விரித்து, கேரியரைத் திறந்து, மீசை முளைத்த பையனையும் மடியில் சாய்த்து ஊட்டிவிடுவார்கள், சாயங்காலம் மணி அடித்ததும் எல்லாருமாக அழுவார்கள். வசந்தாமணிக்கு அன்றைக்கு வேலை கிடையாது. அந்த ஞாயிறு தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்து, நாள் முழுக்க வீட்டிலேயே இருப்பதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். எண்ணெய் வைத்தாள், குளிப்பாட்டினாள், குழம்பும் வைத்தாள். மௌனிகா தட்டில் கரண்டியால் துழாவினாள். அந்த வீட்டில் கோழி அடித்தால் ஈரல் மௌனிகாவுக்கு. செங்கோட்டுவேல் ஆறு மாசம் கழித்து வந்தாலும் ஈரல் மௌனிகாவுக்கு. தட்டில் ஈரல் இல்லை.

"ஈரல் எங்கம்மா?"

வசந்தாமணி தூக்குக் கேரியரின் மூடியை அழுத்தி மூடிக்கொண்டிருந்தாள். பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாள்.

"அந்தப் புள்ளைக்கு ஆரும் வரமாட்டாங்க கண்ணு" என்றாள். "சோறு ஊட்டிப்போட்டு ஓடியாந்துர்றேன்."

மௌனிகா வழக்கம்போல முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள், சேலை தெருவோடு போவதைப் பார்த்துக்கொண்டு. பட்டறைப் பையன் ஞாயிற்றுக்கிழமையும் வந்து கம்பத்தில் தூக்கிப் போட்டான். பஸ் போயிற்று. கொஞ்ச நேரத்தில் அம்மா உட்கார்ந்தது கைக்குத் தெரிந்தது. அப்புறம் அந்தச் சின்னக் கை, அதே இடத்தில் வந்து பிடித்தது. அன்றைக்கு அது சும்மா பிடிக்கவில்லை, மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது, வீட்டில் மௌனிகா சுற்றிக்கொள்வதுபோலவே.

என் ஈரலைத் தின்றுகொண்டு என் முந்தானையையும் சுற்றிக்கொள்கிறாளா என்று நினைத்ததுதான் தெரியும். வாசல்படியில் ஒரு காலை முட்டுக்கொடுத்து, கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரி கைமாற்றிக் கைமாற்றி இழுத்தாள், பிறந்ததிலிருந்து பிடித்துப் பிடித்துப் பலமேறிய அந்தக் கையின் மொத்த வலுவையும் வைத்து இழுத்தாள். நாலு ரோட்டில் மூங்கில்கள் வளைந்தன. அந்தப் பக்கம் என்னமோ சரிந்தது, விழுந்தது, கல்லில் தேய்ந்துகொண்டு வந்தது. அப்புறம் முந்தானை தொய்ந்துபோயிற்று. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, ஆட்டம் இல்லை. கையில் வெறும் துணி இருந்தது.

வருஷக்கணக்காகக் கண்ணுக்கு முன்னால் ஓடிய படமெல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. அம்மாவை லாரி அடிக்கவில்லை, பாம்பு கடிக்கவில்லை, நான்தான் இழுத்துக் கொன்றுவிட்டேன் என்று மௌனிகா தெருவில் ஓடினாள். முந்தானையைப் பிடித்தபடியே ஓடினாள், ஓட ஓட அது முன்னால் சுருங்கிக்கொண்டே போயிற்று. குழாயடியில் நின்றவர்கள் என்னாச்சு அம்மிணி என்று கேட்டார்கள். டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு வந்து பார்த்தார். பஸ்ஸுக்கு நிற்காமல் கரடு வரைக்கும் அந்த வெயிலில் செருப்பில்லாமல் ஓடிப்போய்ச் சேர்ந்தாள்.

வேப்பமரத்தடியில் சனங்கள் சோற்றில் கை வைத்தபடி எழுந்து நின்றிருந்தார்கள். நடுவில் வசந்தாமணி மண்ணில் உட்கார்ந்திருந்தாள், உயிரோடு, முழுசாக. அவள் மடியில் ஒரு பெண் இருந்தது, ஆறாவது படிக்கிற வயசு, கறுத்து மெலிந்து, முழங்கால் இரண்டும் உரிந்து, தாடையில் ரத்தம் வழிய. இழுத்த இழுப்புக்கு வசந்தாமணி எழுந்து ஓடித் தப்பித்துக்கொண்டாள், முந்தானையைக் கையில் சுற்றியிருந்த பிள்ளைதான் கல்லோடு கல்லாகத் தேய்ந்து வந்திருக்கிறது. கேரியர் கவிழ்ந்து குழம்பு மண்ணில் ஓடியது. ஈரல் துண்டும் மண்ணில்தான் கிடந்தது, எறும்பு ஏற ஆரம்பித்திருந்தது.

வசந்தாமணி மகளைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. முந்தானையால் பிள்ளையின் தாடையை அழுத்திப் பிடித்தாள், அந்த ரத்தத்தின் சூடு மௌனிகாவின் உள்ளங்கையில் வந்து இறங்கியது. தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லத்தான் மௌனிகா வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"அது எங்கம்மா முந்தானை" என்றாள்.

அந்தப் பிள்ளை அழுகையை நிறுத்தியது. தன் மணிக்கட்டில் சுற்றியிருந்ததை அவசரமாகக் கழற்றி நீட்டியது. "இந்தாங்கக்கா. நான் சும்மாதான் புடிச்சிருந்தேன்."

"உனக்கு உங்கம்மா முந்தானை இல்லியா?"

"எங்கம்ம மஸ்கட்டுல ஒரு வீட்டுல பிள்ள பாக்காங்க" என்றது ஜெனோவா. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைப் பேச்சு. "அங்கன சேலை கெட்ட விடமாட்டாங்களாம்க்கா, மேக்ஸிதான். அதுல முந்தானையே கெடையாதுல்லா." தாடை வலித்ததோ என்னவோ முகத்தைச் சுளித்தது. "பாவம், அந்தப் பிள்ள எதப் புடிச்சிக்கிடுமோ."

தன் அம்மாவைக் கடல் தாண்டி வேறொரு பிள்ளைக்கு விட்டுவிட்டு வந்த இந்தச் சுண்டைக்காய், அந்தப் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லையே என்று கவலைப்படுகிறது. பொறாமை அந்தக் கணமே மௌனிகாவை விட்டு ஓடிப்போயிற்று என்று சொன்னால் அது பொய். பொறாமை என்ன பூனையா, சூ என்றதும் ஓட? அம்மாவின் மடியில் அந்தத் தலை இருப்பதைப் பார்க்க அப்போதும் அவளுக்கு எரிந்தது. எரிய எரியத்தான் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், பிரிக்கத் தெரியாத விரல்கள், சின்ன வயசிலிருந்து மடங்கியே இருந்தவை, ஒவ்வொன்றும் தனித்தனியாக வலித்தது. முந்தானை அவள் கையைவிட்டு நழுவி, ஜெனோவாவின் காலடியில் போய் விழுந்தது.

வசந்தாமணியின் இடது தோள் மெல்ல நிமிர்ந்தது. நிமிர்ந்ததும் அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று யாரும் நினைத்திருப்பார்கள். அவளோ இருட்டில் எதையோ தவறவிட்டவள்போலக் கையைப் பின்னால் விட்டுத் துழாவினாள்.

"ஏங்கண்ணு உட்டுட்ட?" என்றாள்.

"கை வலிக்குது" என்றாள் மௌனிகா. உட்கார்ந்து ஜெனோவாவின் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணை ஊதிவிட்டாள். கொஞ்சம் பலமாகவே ஊதினாள், எரியட்டும் என்று.

மறுநாள் நாலு ரோட்டில் கம்பம் வெறுமனே நின்றது. ஊருக்கு அது பெரிய மனத்தாங்கல். தூளி கட்டியவர்கள் நிழல் போச்சே என்று முனகினார்கள், பட்டறைப் பையன் காலையில் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்து, பார்த்துவிட்டு, அதைச் சுவரில் சாத்திவிட்டுப் போனான். கம்பங்களைப் பிடுங்கிவிடலாம் என்று பேச்சு வந்தது, பிடுங்க யாருக்கும் கை வரவில்லை. மௌனிகாவுக்கு வயிற்றுவலி திரும்ப வந்தது. இரண்டு வாரம் படுத்தியது, அப்புறம் வருவதும் போவதுமாக இருந்து, வராத நாட்கள் அதிகமாயின.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே ஹாஸ்டலுக்குப் போனாள். ஜெனோவாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க என்று சொல்லிக்கொண்டாள், உண்மையில் தன் அம்மா அதைக் கொஞ்சுகிறாளா என்று பார்க்கத்தான் முதலில் போனது. போகப்போக ஜெனோவா வசந்தாமணியை விட்டுவிட்டு மௌனிகாவின் ஷால் நுனியைப் பிடித்துக்கொண்டு திரிய ஆரம்பித்தது. கசக்காதடி என்று மௌனிகா அதட்டுவாள், ஆனால் பிடுங்கமாட்டாள். இரண்டு பேரும் மரத்தடியில் உட்கார்ந்து என்னமோ குசுகுசுவென்று பேசிச் சிரிப்பார்கள், அம்மா வந்தால் நிறுத்திக்கொள்வார்கள்.

வசந்தாமணி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நிமிர்ந்துபோன தோளை அடிக்கடி நீவிவிட்டுக்கொள்வாள். என் முந்தானை சலிச்சுப் போச்சாக்கும் என்று ஜெனோவாவின் தலையை வாரும்போது சீப்பை ஒரு அழுத்து அழுத்துவாள். ஹாஸ்டல் போனிலிருந்து மகளின் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு, சாப்பிட்டாளா என்று கேட்பாள், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்பாள். மௌனிகா டியூஷன் முடிந்து கால்மணி நேரம் தாமதித்தால் வாசலுக்கும் முக்குக்கும் நடப்பாள். பத்தாவது ஆரம்பித்து, மௌனிகா காலையிலேயே டவுனுக்குப் பஸ் பிடித்து ஸ்பெஷல் கிளாசுக்குக் கிளம்ப ஆரம்பித்ததும் வசந்தாமணிக்கு வயிற்றுவலி வந்தது. டாக்டர் அதே சத்து மாத்திரையை எழுதிக்கொடுத்தார்.

ஒரு திங்கட்கிழமை. மௌனிகா தானே இரட்டைச் சடை போட்டுக்கொண்டு, ஷாலை மடித்துப் பின் குத்திக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். தோளில் லேசாக ஒரு இழுப்பு. ஜெனோவாவாக இருக்குமோ என்று பழக்கதோஷத்தில் நினைத்தாள், ஜெனோவா இந்நேரம் இங்கே எப்படி வரும்? திரும்பிப் பார்த்தாள். வாசல்படியில் வசந்தாமணி நின்றிருந்தாள், ஒரு கையில் சீப்பு, ஒரு கையில் ஷால் நுனி.

"உடும்மா, பஸ்ஸு போயிரும்" என்றாள் மௌனிகா.

"நான் எங்க புடிச்சேன்" என்றாள் வசந்தாமணி. "நீ போ கண்ணு."

மௌனிகா போனாள். தெரு முக்கு திரும்பும்போது இடது தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாலு ரோட்டில் பட்டறைப் பையன் தூரத்திலேயே பார்த்துவிட்டு, சுவரில் சாத்தியிருந்த கம்பை எடுத்துக்கொண்டு வந்தான்.